டெவலப்பர் டூல்களின் (நிரல் எழுத உதவும் கருவிகளின்) பீட்டா என்ற சோதனைப் பதிப்பையும், ஆர்.சி. (ரிலீஸ் கேண்டிடேட்) என்ற இறுதிக்கு முந்தைய பதிப்பையும் இப்போதே போட்டுப் பார்ப்பதால் என்ன லாபம்?

லாபம் உண்டு. புது வசதியை நாலு பேருக்கு முன்னால் தொட்டுப் பார்க்கலாம் என்று போட்டால் சீக்கிரமே சலித்துவிடும். நம்முடைய பழைய நிரல் புதுப் பதிப்பில் எங்கே உடைகிறது என்று பார்க்கப் போட்டால் பலன் கையில் தெரியும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உரக்கடை, நகைக்கடை, அரிசி மண்டி என்று சுற்றுவட்டாரக் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். சர்வரில் பைதான் மொழியில் எழுதிய நிரல், கடைக்காரர் கையில் ஆண்ட்ராய்டு ஆப். அதனால் இந்த இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

பைதானுக்கு வருஷா வருஷம் அக்டோபரில் புதுப் பதிப்பு வரும். அதன் முதல் பீட்டா மே மாதத்தில் வெளியாகும். அதற்கு அப்புறம் புது வசதி எதையும் சேர்க்க மாட்டார்கள், பிழை திருத்துவது மட்டும்தான். ஆடி வாக்கில் முதல் ஆர்.சி., புரட்டாசி முடிவதற்குள் இறுதிப் பதிப்பு. ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் நிலைமை உங்களுக்கே தெரியும். மழை, புயல் எச்சரிக்கை, கரண்ட்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்தச் சமயத்தில் யாரும் சர்வரில் கை வைக்க மாட்டார்கள். எனவே சோதனையெல்லாம் ஆடி, ஆவணியிலேயே முடிந்தாக வேண்டும்.

3.12 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பைதானோடு கூடவே வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூலை (நிரல் தொகுதியை) நீக்கப் போவதாக 3.10 வந்தபோதே எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? 2023 மே 22 அன்று 3.12-இன் முதல் பீட்டா வந்தது. அதில் அந்த மாட்யூல் கிடையாது. புதிதாக உருவாக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைதான் சூழலில்), அந்த மாட்யூலின் நகலை வைத்திருக்கும் செட்அப்டூல்ஸும் தானாக வராது. பார்கோடு பிரிண்டருக்காக நாங்கள் வைத்திருந்த, வேறு யாரோ எழுதிய பழைய லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்று, ஆரம்பத்திலேயே ‘அப்படி ஒரு மாட்யூல் இல்லை’ என்று நின்றுவிட்டது. நாங்கள் எழுதிய நிரலில் தேடினால் அந்தப் பெயரே இல்லை. லைப்ரரிக்குள் போய்ப் பார்த்தால், இரண்டு வெர்ஷன் எண்களில் எது பெரியது என்று ஒப்பிட ஒரே ஒரு இடத்தில் டிஸ்ட்யூட்டில்ஸை இம்போர்ட் செய்திருந்தார்கள். பேக்கேஜிங் என்ற லைப்ரரியை வைத்து அதை மாற்றுவது சின்ன வேலை. அதையே கடையில் ஆள் வரிசையில் நிற்கும்போது செய்ய நேர்ந்திருந்தால் சின்ன வேலையாக இருந்திருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கணக்கீட்டுக்கான நம்பை மாதிரி சி மொழிப் பகுதி உள்ள லைப்ரரிகளுக்கு, தயார் நிலையில் இருக்கும் வீல் கோப்புகள் பெரும்பாலும் ஆர்.சி. கட்டத்தில்தான் வந்து சேரும். பீட்டாவிலோ அதற்கும் முந்தைய ஆல்ஃபாவிலோ, லைப்ரரியை நிறுவும் பிப் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால், அது மூல நிரலிலிருந்து கம்பைல் செய்யப் பார்த்து, பக்கம் பக்கமாகச் சிவப்பு எழுத்தில் கொட்டும். பைதானே உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். காத்திருந்தால் போதும்.

ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கருவியான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் கேனரி (மிக ஆரம்பக்கட்ட) பதிப்பு வேறு ரகம். வழக்கமான பதிப்புக்குப் பக்கத்திலேயே தனியாக உட்கார்ந்துகொள்ளும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் புராஜெக்டில். புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு தம்பி, கேனரியில் எங்கள் புராஜெக்டைத் திறந்தார். ஆப்பைக் கட்டித் தரும் கிரேடில் பிளகின்னைப் புதுப் பதிப்புக்கு உயர்த்தட்டுமா என்று அது கேட்டது. உயர்த்தி, அப்படியே எல்லோருக்கும் பொதுவான நிரலில் கமிட் செய்து (பதிந்து) அனுப்பிவிட்டார். மறுநாள் காலை மற்றவர்கள் சிஸ்டத்தில், இந்த பிளகின் பதிப்பு ஒத்துவராது என்று புராஜெக்ட் திறக்கவே இல்லை. “கேட்டுச்சுண்ணே, ஓகே குடுத்துட்டேன்” என்றார். யாராக இருந்தாலும் ஓகேதான் கொடுத்திருப்பார்கள். கமிட்டைத் திருப்பியதும் சரியாகிவிட்டது. இப்போது கேனரிக்கென்று தனி ஃபோல்டர், தனி கிளை (நிரலின் தனிப் பிரதி). அங்கிருந்து மெயின் கிளைக்குப் புஷ் செய்ய அனுமதி கிடையாது.

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடின் சோதனைப் பதிப்பு, இன்சைடர்ஸ். அதற்கு இந்த அளவு பயம் தேவையில்லை. பச்சை ஐகான், செட்டிங்கும் எக்ஸ்டென்ஷனும் தனி இடத்தில். பிடிக்கவில்லை என்றால் தூக்கிவிடலாம்.

முன்னோட்ட வசதியை நம்பிப் புது நிரல் எழுதுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஜாவா மொழியில், எழுத்துத் தொடருக்குள் மதிப்புகளைப் பொருத்தும் ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் என்று ஒன்று 2023 செப்டம்பரில் ஜாவா 21-இல் முன்னோட்டமாக வந்தது, 22-இலும் இருந்தது. அடுத்து 23-இல் காணோம், வடிவமைப்பு சரியில்லை என்று அவர்களே எடுத்துவிட்டார்கள். முன்னோட்டம் என்றால் எடுக்கவும் உரிமை உண்டு என்றுதான் பொருள், குறை சொல்ல முடியாது. அதை நம்பி ஆயிரம் வரி எழுதியவர் பாடுதான் திண்டாட்டம்.

பிழை கிடைத்தால் தயவுசெய்து அந்தக் கருவியை உருவாக்குபவர்களுக்குப் புகார் எழுதுங்கள். பீட்டா காலத்தில் எழுதினால்தான் மாற்ற இடம் இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயந்தே சும்மா இருந்துவிடுகிறார்கள். புகாரில் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. பீட்டா 2-ஆ 3-ஆ, எந்த ஓஎஸ், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, அவ்வளவுதான். அப்புறம், பிழையைக் காட்டும் பத்து வரி நிரல். ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். அந்தப் பத்து வரிக்குள் வாடிக்கையாளர் போன் நம்பரோ ஜிஎஸ்டி எண்ணோ மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள், நிறைய பேர் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

மாணவராக இருந்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபிதான் என்றால், கேனரியை விட்டுவிடுங்கள். டவுன்லோடே அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும். பைதான் ஆர்.சி. சில பத்து எம்பிதான், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.