வாயை மட்டும் அசைக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 43 வயது. பல வருடங்களாக அமெச்சூர் நாடகங்களில் நடிக்கிறேன். எங்கள் குழு அடுத்ததாக ‘மை ஃபேர் லேடி’ மியூசிக்கலை மேடையேற்றப் போகிறது. பேராசிரியர் ஹிக்கின்ஸ் வேடத்தை என்னைச் செய்யச் சொல்கிறார் இயக்குநர். எனக்குப் பாட வராது. பள்ளி ஆண்டு விழாவில் பாட்டு ஆசிரியர் என்னிடம், “நீ வரிசையில் நில், வாயை மட்டும் அசை” என்றார். அதற்குப் பிறகு நான் யார் முன்னாலும் பாடியதில்லை. “இந்த வேடத்துக்குப் பாட்டே தேவையில்லை” என்கிறார் இயக்குநர். நம்பி ஒப்புக்கொள்ளலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள் சார். ஆனால் இயக்குநர் சொன்னதில் பாதியை மட்டும் நம்புங்கள். ஹிக்கின்ஸ் வேடத்துக்குப் பாடகர் வேண்டியதில்லை என்பது சரி. பாட்டே இல்லை என்பது தப்பு. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை அவருக்குப் பாட்டு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பேசியே கடந்துவிடலாம், அவ்வளவுதான்.

1956-இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் இந்த வேடத்தை முதலில் ஏற்றவர் ரெக்ஸ் ஹாரிசன். நடிகராகப் பெரிய பெயர், பாடகர் இல்லை. பாடல் எழுதிய லெர்னரும் இசையமைத்த லோவும் அது தெரிந்தே அவருக்காக எழுதினார்கள். மெட்டை வாத்தியங்கள் தாங்கிக்கொண்டு போகும், அதன் மேல் அவர் தாளம் தவறாமல் பேசிக்கொண்டு போவார். ‘நான் ரொம்பச் சாதாரண மனுஷன்’ என்று தொடங்கும் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் அமைதியான சுபாவத்தைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருவார். ஒரு பெண்ணை வாழ்க்கைக்குள் விட்டால் என்னாகும் என்ற நினைப்பு வந்த கணத்தில் வேகம் பிடித்துக் கொட்டித் தீர்ப்பார். மறுபடி நிதானம், மறுபடி வெடிப்பு. அந்தத் திருப்பத்தைக் காட்டத் தெரிந்த நடிகர்தான் அங்கே தேவை. இத்தனை வருட அனுபவத்தில் அது உங்களிடம் இருக்கத்தான் செய்யும்.

உங்கள் பயமும் புதிதில்லை. பிராட்வேக்கு வருமுன் நியூ ஹேவன் நகரில் முதல் வெள்ளோட்டம். பிப்ரவரி மாதம், வெளியே பனிப்புயல். முழு இசைக்குழுவோடு ஒத்திகை பார்த்த ஹாரிசன் அரண்டு போனார். அதுவரை பியானோவோடு பழகியிருந்தவருக்கு அத்தனை வாத்தியங்களுக்கு நடுவே தன் எடுப்பு எங்கே என்று பிடிபடவில்லை. இன்றைக்கு மேடையேற மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். கடைசி நேரத்தில்தான் மனம் மாறி வந்தார். மறு வருடம் அதே வேடத்துக்கு அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது வாங்கினார்.

உங்கள் கடிதத்தில் அந்தப் பாட்டு ஆசிரியரின் வார்த்தையைப் படித்ததும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது வேறொன்று. 1964-இல் இது படமானபோது, பாட்டை முன்பே பதிவு செய்து கேமரா முன்னால் வாயசைக்கும் வழக்கத்துக்கு ஹாரிசன் இணங்கவில்லை. ஒரு தடவை சொன்ன மாதிரி அடுத்த தடவை சொல்லாதவரால் எப்படி வாயசைக்க முடியும்? அவருடைய டைக்குள் சின்ன வயர்லெஸ் மைக்கை ஒளித்துவைத்துப் படப்பிடிப்பிலேயே அவர் குரலைப் பிடித்தார்கள். அதே படத்தில் கதாநாயகி ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்கள் பெரும்பாலும் பாடகி மார்னி நிக்ஸனின் குரலில் வருகின்றன. பாட வராத ஹாரிசன்தான் சொந்தக் குரலோடு நின்றார். அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது.

இந்த வரிசையில் அவர் தனி ஆளும் இல்லை. 1951-இல் வந்த ‘தி கிங் அண்ட் ஐ’ மியூசிக்கலில் மன்னராக நடித்த யூல் பிரின்னருக்குத் தனிப்பாட்டு என்று சொல்ல ஒன்றே ஒன்று. அந்த வேடத்தை அவர் 4,625 தடவை மேடையேற்றினார். 1973-இல் ‘எ லிட்டில் நைட் மியூசிக்’ என்ற மியூசிக்கல் ஒத்திகையில் இருந்தபோது, மூச்சை நீட்டிப் பிடிக்க முடியாத நடிகை கிளினிஸ் ஜான்ஸுக்காக இசையமைப்பாளர் ஸ்டீபன் சாண்ட்ஹைம் ஒரு பாட்டு எழுதினார். சின்னச் சின்ன வாக்கியங்கள், நிறையக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சு விட இடம். அவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேரைப் போய்ச் சேர்ந்த பாட்டு அதுதான். நடிகையின் குறைக்கு இடம் விட்டு எழுதியதால், மனசு உடைந்த ஒருத்தி தயங்கித் தயங்கிப் பேசுவது போலவே அது அமைந்துவிட்டது. எனக்கு அந்தப் பாட்டின் மேல் அப்படி ஒரு பிரியம்.

இன்னும் பின்னால் போனால் மோட்சார்ட். 1782-இல் அவர் வியன்னாவில் அரங்கேற்றிய ‘அந்தப்புரத்திலிருந்து கடத்தல்’ என்ற ஓபராவில் எல்லாரும் பாடுவார்கள், அந்தப்புரத்துக்குச் சொந்தக்காரரான துருக்கிப் பிரபு பாஷா செலிம் மட்டும் பாட மாட்டார். அத்தனை பேருடைய உயிரும் அவர் கையில். தப்பிக்கப் பார்த்துப் பிடிபட்டவர்களை மன்னித்து விடுவதும் அவர்தான். சுற்றிலும் அவ்வளவு இசை இருக்க, வெறும் பேச்சோடு நிற்கிற அந்த ஆளை அரங்கமே உன்னித்துக் கேட்கும்.

இனி வேலையைப் பற்றி. ஒரு மியூசிக்கல் ஒத்திகையில் பக்கவாட்டில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு ஒரு காலத்தில் எனக்கு இருந்தது. இதே மாதிரிப் பேசிப் பாடுகிற வேடத்தில் ஒரு நண்பர். வசனத்தில் புலி. ஒரு வரியில் சிரிப்பு வரும் என்று அரை நொடி நிறுத்தினார். வசன நாடகமாக இருந்தால் எதிரில் நிற்பவர் காத்திருப்பார். இசைக்குழு காத்திருக்கவில்லை. அடுத்த நான்கு வரிகளும் அவரை விட்டுவிட்டு ஓடின, அவர் பின்னாலேயே துரத்தினார். உங்களுக்கும் ஆபத்து அந்த இடத்தில்தான். சுருதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தாளத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

வரிகளை முதலில் இசையே இல்லாமல் வசனமாகப் படியுங்கள். யாரிடம், என்ன கோபத்தில் சொல்கிறார் என்று ஒவ்வொரு வரிக்கும் தெரியும்வரை மெட்டுப் பக்கம் போக வேண்டாம். பிறகு பியானோ வாசிப்பவரோடு உட்கார்ந்து, உங்கள் எடுப்புக்கு முன்னால் எத்தனை தட்டு வருகிறது என்று கைவிரலில் எண்ணிப் பழகுங்கள். இசை நடத்துபவரின் கையை ஓரக்கண்ணால் பார்க்கவும் பழக வேண்டும். ஹிக்கின்ஸிடம் பேச்சு பழக வரும் எலைசாவும் அவர் நண்பர் பிக்கரிங்கும் உங்களோடு சேர்கிற ‘ஸ்பெயின் மழை’ப் பாட்டில் மட்டும் கொஞ்சம் சுருதி தேவைப்படும். அதற்கு மூன்று பேரும் கூடி உழைத்தால் போதும். மற்ற இடங்களில் பாட முயலாதீர்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் தடுமாறுகிற குரல்தான் கேட்பவரைச் சங்கடப்படுத்தும். நல்ல பேச்சு ஒருபோதும் படுத்தாது. கடைசிப் பாட்டில், எலைசாவின் முகம் தனக்குப் பழகிப்போனதை ஹிக்கின்ஸ் ஒப்புக்கொள்ளும் இடத்தில் மட்டும், குரல் தானாக ஒரு சுரத்தில் போய் நின்றால் நிற்கட்டும், தடுக்க வேண்டாம்.

சம்மதம் சொல்லுமுன் இயக்குநரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முழு இசைக்குழுவோடு ஒத்திகையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், ஒரு மாதம் முன்பே ஒரு தடவையாவது வைக்கச் சொல்லுங்கள். நியூ ஹேவனில் ஹாரிசனுக்குக் கிடைக்காமல் போனது அந்த அவகாசம்தான்.