'ஒர்க்' என்ற ஒரு சொல்: தக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பிக்கு வணக்கம். தக்கலையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து மூன்று மாதமே ஆன நிலையில், நீங்கள் சேர்ந்திருக்கும் முதியோர் இல்லத்தின் மேலாளர் 'டஸ் தர்ஸ்டே ஒர்க் ஃபார் யூ?' என்று கேட்டதாகவும், வியாழக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள் என்பதால் 'நோ, ஐ டோன்ட் ஒர்க் தர்ஸ்டே' என்று சொல்லிவிட்டதாகவும், அதன்பின் அவர் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்தான் இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. குலசேகரத்திலிருந்து செவிலியராக வந்து இங்கே 19 ஆண்டுகளைக் கழித்த நான், இந்தச் சொல்லால் மன வருத்தமும் பட்டிருக்கிறேன், பண இழப்பும் பட்டிருக்கிறேன்; ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மேலாளர் அன்று வேலைக்கு வருவீர்களா என்று கேட்கவில்லை. பயிற்சி வகுப்பை வியாழக்கிழமை வைத்துக்கொண்டால் உங்களுக்குத் தோதுப்படுமா என்றே கேட்டிருக்கிறார். அந்த வாக்கியத்தில் எழுவாயாக இருப்பது கிழமை, நீங்கள் அல்ல. ஆள் 'ஒர்க்' செய்தால் அது உழைப்பு, பொருள் 'ஒர்க்' செய்தால் அது இயக்கம், நாளோ திட்டமோ 'ஒர்க்' செய்தால் அது தோதுப்படுவது என்று பிரித்துக்கொண்டால் அன்றாடக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். இது நமக்குப் புதிய வழக்கமும் இல்லை. தோட்டத்து மோட்டார் வேலை செய்யவில்லை என்கிறோம். காய்ச்சல் மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்கிறோம். சரிப்பட்டு வராத யோசனையை 'இது வேலைக்கு ஆகாது' என்று ஒதுக்குகிறோம்.

இருந்தாலும் நம் குமரி மாவட்டத்துப் பேச்சில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருப்பதால் ஆங்கிலத்தின் சிக்கனம் நம்மைத் தடுமாற வைக்கிறது. வீட்டிலும் வயலிலும் கிடப்பது சோலி. அரசு கொடுத்தது பணி. சபைக்காகச் செய்வது ஊழியம். பிழைப்புக்குக் கைக்கொண்டது தொழில். 'சோலி கிடக்கு' என்றால் வேலை மீதமிருக்கிறது என்று பொருள், 'சோலி முடிஞ்சுது' என்றால் ஆளின் கதையே முடிந்தது என்றும் பொருள் வரும். அந்த நுட்பம் நமக்குப் பிறவியிலேயே தெரியும். இந்த நான்கையும் ஆங்கிலேயர் பெரும்பாலும் ஒரே 'ஒர்க்' கொண்டு சொல்லிவிடுவதால், அதன் முன்னும் பின்னும் நிற்கும் சிறு சொற்களின் மேல்தான் நாம் காதை வைக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறு சொற்களை அலட்சியம் செய்யாதீர்கள். 'அட் ஒர்க்' என்றால் ஆள் பணியிடத்தில் இருக்கிறார். 'ஆஃப் ஒர்க்' என்றால் உடல்நலக் குறைவாலோ விடுப்பாலோ வரவில்லை. 'அவுட் ஆஃப் ஒர்க்' என்றால் வேலையே போய்விட்டது. என் கணவர் வந்த புதிதில், இன்று எனக்கு வேலை இல்லை, வீட்டில்தான் இருப்பேன் என்ற பொருளில், 'ஐ ஆம் அவுட் ஆஃப் ஒர்க் டுடே' என்று வீட்டு உரிமையாளரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அடுத்த மாத வாடகையை எப்படிக் கொடுப்பீர்கள் என்று அவர் கேட்க, இவர் விழிக்க, அதைத் தெளிவுபடுத்த எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஷிப்ட் மாறி பொறுப்பை ஒப்படைக்கும்போது ஆறாம் அறையில் இருப்பவர் 'ஹார்ட் ஒர்க்' என்று உடன் பணியாற்றுபவர் சொன்னால், அவர் கடுமையான உழைப்பாளி என்று எண்ணிவிடாதீர்கள். அவரைக் கவனித்துக்கொள்வதற்கு மிகுந்த பொறுமை வேண்டும் என்பதே பொருள். 'ஒர்க்‌ஷாப்' என்று அழைப்பு வந்தால் வடசேரியில் பைக்கை விடும் இடத்தை நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் பயிலரங்கு. பத்து 'ஒர்க்கிங் டேஸ்' என்றால் இரண்டு வாரம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தாலும் அந்தக் கணக்கில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் சேரும், பொது விடுமுறைகளும் கழியும்.

ஒரு பொருளை மட்டும் நான் அகராதியில் கற்கவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி ஒரு மாலையில் தம் 'ஒர்க்பாக்ஸை' எடுத்துத் தருமாறு என்னிடம் கேட்டார். எந்த அலுவலக வேலை இந்த வயதில் என்று புரியாமல் அலமாரியில் தேடினேன். அவர் காட்டிய மரப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே நூற்கண்டுகளும், ஊசிகள் குத்திய சிறு மெத்தையும், ஊசி ஏறாமல் விரலில் மாட்டிக்கொள்ளும் தேய்ந்த உலோகக் குப்பியும் இருந்தன. முற்காலத்தில் இங்குள்ள பெண்களுக்குத் தையலும் பின்னலுமே 'ஒர்க்' என்று அவர் சொன்னார். நாமும் பூவேலை செய்த சேலையை 'ஒர்க் சேலை' என்றும், ரவிக்கைக்கு 'ஆரி ஒர்க்' என்றும் சொல்வது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் பெண்கள் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த லேஸ் பின்னலை என் பெரியம்மாவும் செய்தார். மெத்தையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். அதை வீட்டில் யாரும் வேலை என்று சொன்னதில்லை என்பதை எண்ணி அன்று இரவு நெடுநேரம் உறங்காமல் இருந்தேன்.

இதுவரை சொன்னவற்றில் பிழை நேர்ந்தால் ஒரு மன்னிப்பில் சரியாகிவிடும். எதை 'ஒர்க்' என்று கணக்கிடுகிறார்கள் என்பதில் பிழை நேர்ந்தால் சம்பளம் போகும். என் அப்பா குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டினார். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிபார்த்து வைத்துவிட்டுப் போவார். கூலி மரக்கணக்கில். கத்தி தீட்டிய நேரமும் நடந்த நேரமும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மழை பெய்தால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. அதைப் பார்த்தே வளர்ந்ததால், நான் முதலில் சேர்ந்த இல்லத்தில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் 15 நிமிடம் முன்னதாக வந்து பொறுப்பேற்கச் சொல்லி, 'ஒர்க்' எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது என்று அந்த நேரத்துக்குச் சம்பளம் தராதபோது, அதை நான் தவறாகவே கருதவில்லை. வாரத்துக்கு ஐந்து ஷிப்ட் என்றால் 75 நிமிடம். இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படியே கொடுத்தேன். நோயாளிகளின் நிலையைக் கேட்டுக் குறித்துக்கொள்வது முழுமையான வேலை, தம்பி. நீங்கள் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சட்டத்தில் 'ஒர்க்கர்' என்ற சொல்லுக்கும் 'எம்ப்ளாயி' என்ற சொல்லுக்கும் வேறுபாடு உண்டு. ஒர்க்கருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் உண்டு. எம்ப்ளாயிக்கு அவற்றோடு ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற கூடுதல் உரிமைகளும் சேரும். ஊபர் ஓட்டுநர்கள் தனித்தொழில் செய்பவர்கள் அல்லர், ஒர்க்கர்களே என்று 2021 பிப்ரவரியில் இங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான். உங்கள் ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். 1998-ஆம் ஆண்டின் வேலை நேர விதிகளின்படி வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை வாங்கக் கூடாது. 'ஆப்ட் அவுட்' என்ற தாளில் கையெழுத்திட்டால் அந்த வரம்பு நீங்கிவிடும் என்பதால், படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

'ஸ்லீப் இன்' என்று இரவில் அங்கேயே தங்கச் சொன்னால் இன்னும் கவனம் தேவை. தூங்க அனுமதித்திருக்கும் நேரம் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேராது என்றும், எழுந்து பணி செய்த நேரம் மட்டுமே சேரும் என்றும் 2021 மார்ச்சில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே யார் மணியடித்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது மீண்டும் படுத்தீர்கள் என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். பின்னாளில் வீடு வீடாகச் செல்லும் பராமரிப்புக்கு மாறினால், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் ஊதியக் கணக்கில் சேர வேண்டும். அப்பா மரத்துக்கு மரம் நடந்த நேரத்துக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்கும்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம். மேலாளரிடம் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று நேராகச் சொல்லி, வர முடியுமானால் 'தர்ஸ்டே ஒர்க்ஸ் ஃபார் மீ' என்று எழுதி அனுப்புங்கள். நிறுவனம் கட்டாயமாக்கும் பயிற்சியும் வேலை நேரம்தான். ஓய்வு நாளில் நீங்கள் அங்கே உட்காரும் மணிகள் அடுத்த சம்பளச் சீட்டில் எந்த வரியில் வரும் என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.