கிளப் உறுப்பினர் சலுகையை வைத்துக் கணவன் மனைவி இருவரும் வெளியூர் போய் கோல்ஃப் ஆடுவது லாபமா?

கேட்டவரின் நிலைமை இது: கணவர் கோல்ஃப் மைதானம் உள்ள ஒரு கிளப்பில் உறுப்பினர். மனைவியும் ஆடுகிறார். கிளப் அலுவலகத்தில் வெளியூர் இணைப்புக் கிளப்புகளின் நீண்ட பட்டியலைக் கொடுத்து, "எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்றிருக்கிறார்கள். போனால் உண்மையிலேயே பயன் உண்டா, செலவு குறையுமா என்பது கேள்வி.

பயன் உண்டு. செலவு குறையும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். நானும் கணவரும் கோவைக்காரர்கள், இருவரும் ஆடுகிறவர்கள். இப்படி மலைப்பக்கம் போய்வருவது எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெட்ரோல் பங்க்கில் கூப்பன் நிரப்பச் சொல்லி, பிறகு "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வாருங்கள்" என்று ஹோட்டலுக்கு அழைத்து, இரண்டு மணி நேரம் பேசிப் பேசியே விற்கும் விடுமுறைத் திட்டங்களுக்கும் 'கன்ட்ரி கிளப்' என்றுதான் பெயர் வைக்கிறார்கள். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. உறுப்பினர்களே கமிட்டி அமைத்து நடத்துகிற, சொந்த மைதானம் உள்ள கிளப்புகளைப் பற்றி. இவை ஒன்றோடொன்று ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கும். உங்கள் கிளப் செகரட்டரி ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தால், அந்த ஊர் கிளப் உங்களைத் தற்காலிகமாகத் தன் ஆள் போல நடத்தும். தங்க அறை, சாப்பாடு, மைதானம் எல்லாம் அந்தக் கடிதத்தில்தான் அடங்கியிருக்கின்றன.

பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அறைக்கும் உணவுக்கும் இணைப்பு இருக்கும், கோல்ஃபுக்கு இருக்காது. சில இடங்களில் இதற்கு நேர்மாறு. சில கிளப்புகள் வார நாட்களில் மட்டும் வெளியாரை மைதானத்தில் இறக்கும். சனி, ஞாயிறு, போட்டி நாட்கள் எல்லாம் சொந்த உறுப்பினர்களுக்கே. ஏப்ரல், மே மாதங்களில் மலை கிளப்புகளில் அறை கேட்டால் பதில் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, போகப்போகிற கிளப்புக்கே தொலைபேசியில் பேசுங்கள்: எங்கள் கிளப்பிலிருந்து வந்தால் கோல்ஃப் உண்டா, எந்தெந்த நாட்களில், கிரீன் ஃபீ (மைதானத்தில் ஆடும் கட்டணம்) எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, கேடி (மட்டைப் பையைச் சுமந்து கூடவே வந்து வழிகாட்டுபவர்) கட்டணம் தனியா?

தம்பதிகளுக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கிளப்புகளில் உறுப்பினர் என்பவர் ஒருவர்தான். மற்றவர் 'ஸ்பௌஸ்' என்ற பெயரில் கார்டு வைத்திருப்பவர். சொந்த ஊரில் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. வெளியூர் மேசையில்தான் அது எழுந்து நிற்கும். ஒரு பெருநகரக் கிளப்பில் எங்களுக்கு நேர்ந்தது இது. கடிதத்தில் கணவர் பெயருக்குப் பின்னால் 'மற்றும் மனைவி' என்று மட்டும் இருந்தது. என் பெயர் இல்லை, ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறன் அதிகம்) இல்லை. அவர் இணைப்பு உறுப்பினர், நான் விருந்தாளி என்று தீர்ப்பாயிற்று. எனக்கு விருந்தாளிக் கட்டணம், அதுவும் மதியத்துக்கு மேல்தான் டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்). என் கணவரை விடக் குறைந்த ஹேண்டிகேப் என்னுடையது என்று சொல்லிப் பார்த்தோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்தார், விதி மாறவில்லை.

அன்றிலிருந்து கடிதம் வாங்கும்போதே நான் கேட்டு வாங்குவது: என் முழுப்பெயர், என் கார்டு எண், நானும் கோல்ஃப் ஆடும் உரிமை உள்ளவள் என்ற ஒரு வரி, இருவருடைய ஹேண்டிகேப் சான்றிதழ். செகரட்டரி அலுவலகத்தில் ஐந்து நிமிட வேலை. கணவரிடம் விட்டால் மறந்துவிடுவார் என்பதால் நானே போய் நிற்பேன்.

ஹேண்டிகேப் சான்றிதழ் வெறும் சம்பிரதாயம் அல்ல. 2020 முதல் உலகம் முழுவதற்கும் பொதுவான ஹேண்டிகேப் முறை வந்திருக்கிறது. சான்றிதழில் உள்ள உங்கள் எண்ணை (இண்டெக்ஸ்), போகும் மைதானம் சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கடினம் என்று காட்டும் ஸ்லோப் எண்ணால் பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய அடிகள்) பாருக்கும் (மைதானத்துக்கு விதித்த அடிகள்) உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் அந்த மைதானத்துக்கான உங்கள் ஹேண்டிகேப் கிடைக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு ரேட்டிங் இருப்பதால், அவர் பின்னால் உள்ள டீயிலிருந்தும் (முதல் அடி அடிக்கும் இடம்) நான் முன்னால் உள்ள டீயிலிருந்தும் அடித்தாலும் போட்டி நியாயமாகவே இருக்கும். கணவனும் மனைவியும் சமமாக மோதக்கூடிய விளையாட்டுகள் அதிகம் இல்லை. இதில் முடிகிறது.

செலவுக்கு வருகிறேன். இணைப்பு உறுப்பினர் கிரீன் ஃபீ, வெளியாள் கட்டணத்தைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். கிளப் அறையும் அதே ஊரின் நல்ல ஹோட்டலைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் பெட்ரோல், இரண்டு கேடிகள், அவர்களுக்கான அன்பளிப்பு, இரண்டு வேளை கிளப் சாப்பாடு எல்லாம் சேரும்போது மிச்சமான தொகை சத்தமில்லாமல் கரைந்துவிடும். கணக்கை முடிக்காமல் கிளம்பினால் பில் உங்கள் சொந்த கிளப்புக்கு வந்து சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். உண்மையான ஆதாயம் வேறு. பல பழைய மைதானங்களில் தெரிந்தவர் யாராவது அழைத்துப் போனாலொழிய வெளியாள் காலையே வைக்க முடியாது. அங்கே உங்களை உள்ளே விடுகிறார்கள்.

நம் பக்கத்திலேயே பழைய மைதானங்கள் இருக்கின்றன. நீலகிரியில் ஊட்டி ஜிம்கானா, 1873-இல் தொடங்கிய வெலிங்டன் ஜிம்கானா. பழனி மலையில் 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப். பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876-ஐச் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மூத்தது கொல்கத்தாவில் இருக்கிறது: 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப். முதல் பயணமாக ஒன்றைச் சொல் என்றால் நான் கொடைக்கானலைத்தான் சொல்வேன்.

கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகப் போய், பழனியிலிருந்து மலையேறினால் பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலையோடு சேர்ந்துகொள்ளலாம். மைதானம் ஊருக்குள் இல்லை. தூண் பாறைப் பக்கம் போகிற வழியில், ஏரிக் கூட்டத்தையெல்லாம் தாண்டி இருக்கிறது. 18 குழிகள். சமதளம் என்று ஒரு முழம் கிடையாது.

கோவை செட்டிபாளையம் பக்கம் ஆடிப் பழகியவர்களுக்கு எதிரி காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் வருகிற காற்றில் நேராக அடித்த பந்தும் பக்கத்து ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும் புல்வழி) போய் உட்காரும். கொடைக்கானலில் கணக்கே வேறு. சுமார் 7,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 8 சதவீதம் அதிக தூரம் போகும். கடல் மட்டத்தில் 100 கஜம் போகிற அயர்ன் (இரும்பு மட்டை) அடி இங்கே 108 போகும். கேட்க இனிமையாக இருக்கும், கிரீனை (குழியைச் சுற்றியுள்ள புல்தரை) தாண்டிச் சரிவில் உருளும்வரை. அதிகாலைக் குளிரில் பந்து இறுகிக் கிடப்பதால் அந்த எட்டும் முழுதாகக் கிடைக்காது. பத்து மணிக்கு மேல் கிடைக்கும். ஆக ஒரே ஆட்டத்தில் உங்கள் ஏழாம் எண் அயர்னுக்கு இரண்டு தூரங்கள். இதை எந்தக் கைபேசிச் செயலியையும்விடக் கேடிகள் நன்றாகச் சொல்வார்கள். பட்டிங்கிலும் (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டுவது) அப்படியே. கண்ணுக்கு இடப்பக்கம் சரிவது போலத் தெரியும். "மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள் அம்மா, பந்து அதற்கு எதிர்ப்பக்கம்தான் ஓடும்" என்று எனக்கு வாய்த்த கேடி ஒருவர் சொன்னார். என் கண்ணை நம்பி அடித்த பட் எல்லாம் பொய்த்தது, அவர் சொன்னது பலித்தது.

அப்புறம் காட்டெருமைகள். ஃபேர்வே நடுவில் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சிறிய லாரியளவு. புகைப்படம் எடுக்கக்கூட அருகே போகாதீர்கள். அவற்றின் பக்கத்தில் பந்து விழுந்தால் என்ன செய்வது என்று என் கணவர் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் விதிப்புத்தகத்தை எடுத்தேன். விதி 16.2: ஆபத்தான விலங்கு பக்கத்தில் இருந்தால், குழிக்கு நெருங்காமல், ஆபத்தில்லாத இடத்தில் தண்டமில்லாமல் பந்தைப் போட்டு ஆடலாம். புத்தகத்தில் உதாரணமாகச் சொல்லியிருப்பவை விஷப்பாம்பு, தேனீ, முதலை, கரடி போன்றவை. காட்டெருமைக்கு அந்த வரிசையில் இடம் கொடுக்க யாரும் தயங்கமாட்டார்கள். எருமை பந்தை உதைத்துத் தள்ளிவிட்டால் அதுவும் உங்கள் தவறல்ல. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து ஆட வேண்டும். கிரீனில் குளம்புத் தடம் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு பட் செய்ய 2019-ஆம் ஆண்டு விதிகள் வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. ஸ்காட்லாந்தில் ஆட்டு மந்தைகளுக்கு நடுவே வளர்ந்த விளையாட்டு அல்லவா.

கணவன் மனைவி சேர்ந்து ஆடும்போது விலங்குகளைவிடப் பெரிய ஆபத்து அறிவுரை. "தலையைத் தூக்காதே", "இன்னும் மெதுவாக", "நான் அப்போதே சொன்னேன்". இதற்கும் விதி இருக்கிறது: 10.2. போட்டியில் ஒருவருக்கொருவர் எதிராக ஆடும்போது, எதிராளிக்கு ஆட்டம் பற்றி யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளை எண்ணும் முறை) இரண்டு ஸ்ட்ரோக் தண்டம்; மேட்ச் ப்ளேயில் (குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் முறை) அந்தக் குழியே போச்சு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நாங்கள் எதிரெதிராக மேட்ச் ப்ளே ஆடுகிறோம். ஆட்டம் முழுவதும் அவர் வாயை மூடிக்கொண்டு நடப்பதைப் பார்ப்பதற்கே கிரீன் ஃபீ தகும்.

'ஃபோர்சம்ஸ்' என்ற முறையை மட்டும் முதல் பயணத்தில் தவிர்த்துவிடுங்கள். இருவருக்கும் ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். அவர் புதருக்குள் அனுப்பியதை நான் எடுக்க வேண்டும், நான் மணலில் விட்டதை அவர் எடுக்க வேண்டும். இங்கே இருவரும் ஒரே அணி என்பதால் அறிவுரையும் சட்டப்படி செல்லும். திருமணமாகி முப்பது வருடம் கழித்து ஆடிப் பார்க்கலாம்.

கிளம்புமுன் கவனிக்க வேண்டியவை சில. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மே 2024 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்துக்கு இ-பாஸ் வேண்டும். ஆன்லைனில் இலவசமாகவே கிடைக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலையடிவாரச் சோதனையிலேயே பிடுங்கிவிடுவார்கள். எஃகு பாட்டில் எடுத்துப் போங்கள். கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பலமாக இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆட்டத்துக்கு ஏற்ற காலம், கம்பளிச் சட்டை அவசியம். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பந்து மட்டுமல்ல, கூட ஆடுகிறவரே தெரியமாட்டார். காலை டீ டைமையே கேளுங்கள்.

உடை விஷயம்: மைதானத்தில் காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் கூடாது, அடியில் மென்மையான ஆணி வைத்த காலணி. சாப்பாட்டுக் கூடத்துக்கு வேட்டி கட்டிப் போகலாமா என்று என் மாமனார் ஒரு முறை கேட்டார். தாராளமாகப் போகலாம். 2014-இல் சென்னையில் ஒரு கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடாமல் திருப்பியனுப்பியது பெரிய விவகாரமாகி, அதே ஆண்டு தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் எந்த மனமகிழ் மன்றமும் வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்க முடியாது. பெங்களூரு, கொல்கத்தா போனால் இந்தச் சட்டம் கூட வராது, பேன்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இதற்காகவே புதிதாக ஒரு கிளப்பில் சேரலாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். நுழைவுக் கட்டணம் லட்சங்களில் போகும், காத்திருப்பு வருடங்களில். உள்ளூரில் வாரம் ஒரு முறையாவது ஆடப்போகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். எப்போதாவது ஒரு முறை மலைக்குப் போய் ஆட ஆசை என்றால், வெளியாரைக் கட்டணத்துக்கு அனுமதிக்கும் மைதானமாகப் பார்த்து, வார நாளில், முழுக் கட்டணத்தையே கொடுத்து ஆடுங்கள். ஏற்கெனவே உறுப்பினர் என்றால், அடுத்த வாரமே செகரட்டரியைப் பார்த்துக் கடிதத்தில் இரண்டு பெயரையும் எழுத வையுங்கள்.