ஃபைட்டரின் வால் கிழிவது: 40 லிட்டர் தொட்டிக்கு என் பதில்

40 லிட்டர் மீன் தொட்டியில் ஒரு ஆண் ஃபைட்டர் (பெட்டா) மீன், கூடவே நான்கு கப்பி, இரண்டு டைகர் பார்ப் மீன்கள். ஃபைட்டரின் வால் கிழிகிறது, நோயா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வால் ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். துண்டு துண்டாகக் கடித்தெடுத்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் பார்ப்களின் வேலைதான். ஓரம் வெளுத்தோ கறுத்தோ நைந்திருந்தால் வால் அழுகல் நோய். கடிபட்ட இடத்தில் அழுகல் தொற்றுவதும் உண்டு.

டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். எட்டு, பத்து இருந்தால் துரத்தலெல்லாம் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டே இருந்தால் பக்கத்தில் மெதுவாக ஆடும் நீள வால்தான் குறி. அத்தனை பார்ப்புக்கு உங்கள் தொட்டி போதாது. பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். குளத்திலோ ஏரியிலோ மட்டும் தயவுசெய்து விடாதீர்கள்.

கப்பியும் இங்கே வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண் கப்பியின் வண்ண வாலை இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்து உங்கள் ஃபைட்டர் பாயும். பெண் கப்பியும் இருந்தால் குட்டிகளால் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடும்.

ஃபைட்டருக்குத் துணை வேண்டுமானால் அடியில் மேயும் பிக்மி கோரிடோரஸ் என்ற சின்ன மீன் ஆறு விடலாம். மென்மையான மணல் போடுங்கள், கூர்மையான கல் அவற்றின் மீசையைத் தேய்த்துவிடும். அதற்கு முன் வால் ஆறட்டும்: குளோரின் நீக்கிய நீரால் வாரம் இருமுறை கால்பங்கு மாற்றுங்கள், ஃபில்டரின் வேகத்தைக் குறையுங்கள்.