தராசும் கையொப்பமும்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் மெய்யியலாளர் விட்கென்ஸ்ரைன் பற்றி நீங்கள் ஆற்றிய உரையைக் கேட்டேன். ஒரு மொழியை நினைத்துப் பார்ப்பதென்றால் ஒரு வாழ்க்கை வடிவத்தை நினைத்துப் பார்ப்பது என்று அவர் எழுதியதைச் சொன்னீர்கள். அப்படியென்றால் தமிழ் கதைக்கிற நானும் சிங்களம் கதைக்கிற என் பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டு வேறு வாழ்க்கைகளிலா இருக்கிறோம்? இனவாதிகள் சொல்வதும் அதுதானே? ஒரு நாடென்றால் ஒரு மொழி வேண்டும் என்று 1956இல் சொன்னவர்களுக்கு இந்த மெய்யியல் கைகொடுத்துவிடாதா? எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல கேள்வி. அந்த வரியைத் தனியாகப் பிடுங்கி எடுத்தால் நீங்கள் பயப்படுகிற இடத்துக்குத்தான் போய்ச் சேரும். அதனால் அவர் எதைக் காட்டிக்கொண்டு அதைச் சொல்கிறார் என்று பார்ப்போம்.

அவருடைய ‘மெய்யியல் ஆய்வுகள்’ என்ற நூல் அவர் இறந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு, 1953இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பத்தியிலேயே ஒரு மேசனும் உதவியாளும் வருகிறார்கள். மேசன் ஒரு கல்லின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், உதவியாள் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறான். மொத்தம் நான்கே சொற்கள். அவர்கள் என்ன இனம், என்ன மதம் என்று அங்கே ஒரு பேச்சும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலைக்குள் சொற்கள் இருக்கின்றன. வாழ்க்கை வடிவம் என்று அவர் சொல்வது இந்தத் திசையிலிருந்துதான் வருகிறது.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்கு ஒருநாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். தம்புள்ளையிலிருந்து வெங்காய லொறி வந்து நிற்கும். கடைக்காரர் தமிழராக இருப்பார், அல்லது முஸ்லிமாக. சாரதி சிங்களவர். சுமை தூக்கும் ஒரு நாட்டாமி முதுகை வளைத்துக் கொடுக்க, மேலே நிற்பவர் மூடையைச் சரித்துவிடுகிறார். இடையில் போவது ஒரு சத்தம் மட்டும், அது எந்த மொழி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு மூடை நிறை குறைகிறது என்கிறார் கடைக்காரர். தராசு பிழை என்று சாரதி சத்தம் போடுகிறார். மூடையைத் திரும்பத் தூக்கி வைக்கிறார்கள். சாக்கு ஈரம், அதற்கு எவ்வளவு கழிப்பது என்று அடுத்த வாக்குவாதம். இவ்வளவு சண்டையிலும் ஒன்றை மட்டும் இரண்டு பேரும் கேள்வி கேட்கவில்லை: நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதை. 241ஆம், 242ஆம் பத்திகளில் அவர் சொல்வது இந்த உடன்பாட்டைத்தான். கருத்தில் ஒத்துப்போவது வேறு, அளப்பது என்றால் என்ன என்பதில் ஒத்துப்போவது வேறு. இரண்டாவது இருந்தால்தான் முதலாவதில் சண்டையே பிடிக்க முடியும்.

சரி, 1983 ஜூலையில் இதே கொழும்பில் தமிழர்களின் கடைகளை எரித்தார்களே, அப்போது இந்தச் சந்தை எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். சேர்ந்து வியாபாரம் செய்தது ஆட்களைக் காப்பாற்றவில்லை. சில இடங்களில் வாகனங்களை மறித்து, சிங்களம் சொல்லிக் காட்டச் சொன்னார்கள். நன்றாகச் சொன்னவர் தப்பினார். ஒரே மொழி இருந்தால் ஒரே சமூகம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த நடுத்தெருவில் இரண்டு பேர் வாயிலும் ஒரே மொழிதான் இருந்தது. ஆனால் ஒருவர் கேட்கிறவர், மற்றவர் சோதிக்கப்படுகிறவர்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு விதியைப் பின்பற்றுவதென்றால், பிழை விட்டால் பிழை என்று சொல்ல வேறு ஏதோ ஒன்று வேண்டும். 258ஆம் பத்தியில் ஒருவன் தனக்குள் வருகிற ஒரு உணர்வுக்குத் தனக்கு மட்டுமே தெரிந்த குறி ஒன்றை நாட்குறிப்பில் போடுகிறான். அவனுக்குச் சரி என்று பட்டதெல்லாம் சரியாகிவிடுகிறது. அப்படியென்றால் அங்கே சரி என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை அரசியலுக்கு நீட்டுவது என் வேலை, அவருடையது இல்லை. ஆனால் நீட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, அடையாள அட்டை தொலைந்ததற்காக முறைப்பாடு செய்ய ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். சிங்களம் சரளமாகக் கதைப்பார், வாசிக்கத் தெரியாது. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிய பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். எழுதி முடித்துப் புத்தகத்தைத் திருப்பி, கையொப்பமிடும் இடத்தைக் காட்டினார். இவர் போட்டார். பிறகு பிரதியை வேறொருவர் வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது, பஸ்ஸில் தொலைத்தது வீட்டில் தொலைந்ததாகப் பதிவாகியிருந்தது. சந்தையில் சாரதி ‘தராசு பிழை’ என்றார், மூடை திரும்பத் தராசில் ஏறியது. இந்த மேசையில் ‘பிழை’ என்று சொல்ல இவருக்கு வழியில்லை. மக்கள் திருத்த முடியாத மொழியில் எழுதுகிற அரசு, தனக்குத்தானே குறி போட்டுக்கொள்கிற அந்த நாட்குறிப்புக்காரனின் நிலைக்கு வந்துவிடுகிறது.

ஆகவே சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்துக்கு விட்கென்ஸ்ரைன் துணை வரமாட்டார். அது பொது மொழியை உண்டாக்கவில்லை. யார் யாரைத் திருத்தலாம் என்பதை ஒருபக்கமாகக் கட்டிவைத்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்த மேசைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு நீங்கள் தண்ணீர்க் குழாய்க்கும் மதிலுக்கும் சண்டை பிடித்திருப்பீர்கள், அவரும் உங்களைத் திருத்தியிருப்பார். அந்த அளவுக்கு நீங்கள் இருவரும் ஒரே வாழ்க்கையில்தான் இருக்கிறீர்கள்.

படிப்பதற்கு: முதல் பத்தியிலிருந்தே தொடங்குங்கள், 25 வரை அவசரமில்லாமல் போங்கள். அப்புறம் 185இலிருந்து 242 வரை, பிறகு 258. அங்கங்கே வருகிற மறுகுரல்களை அவருடைய முடிவு என்று எடுத்துவிடாதீர்கள். தனக்கே எதிராக அவர் வாதாடுகிற இடங்கள் அவை. 1983ஐப் பற்றி நான் எழுதியதை நீங்கள் ஏற்காவிட்டால், அதைத்தான் முதலில் எழுதுங்கள்.

அன்புடன்.