பக்கத்து வீட்டுக் கேமரா எங்கள் கிணற்றடியைப் பார்க்கிறது. சட்டப்படி என்ன செய்யலாம்?

பொம்பிளைப் பிள்ளைகள் உள்ள வீடாக இருக்கும், இல்லாவிட்டால் கிணற்றடி என்று குறிப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டீர்கள். விசுவமடுவில் எங்களுக்கும் இதே கதைதான். பக்கத்துக் காணியில் ஓர் அண்ணை நெல்லு மில் போட்டார். மூட்டை களவு போகுதென்று கேமரா பூட்டினார். அது மூட்டையை விட எங்கள் கப்பியைத்தான் அதிகம் பார்த்தது. குறுக்குக்கட்டோடு பட்டப்பகலில் குளித்த அம்மா இருட்டின பிறகு குளிக்கத் தொடங்கினார்.

பொலிசுக்குப் போனேன், சிவில் பிரச்சினை என்று அனுப்பிவிட்டார்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் எடுப்பதை அது தொடாது. ‘மில் வியாபாரம்தானே?’ என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள். நான் தோட்டக்காரன், அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது மத்தியஸ்த சபை. சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறை, மூன்று மத்தியஸ்தர்கள். சட்டத்தரணி பேச முடியாது. அவர்கள் தீர்ப்பும் சொல்வதில்லை. இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள், அதோடு கோர்ட்டுக்குப் போகலாம். அதில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் மில்காரரிடம், "தம்பி, உங்கட போனில அந்தக் கேமராவை ஒருக்காத் திறவுங்கோ" என்றார். வாளி, கயிறு, கல்லில் அம்மாவின் ஈரச் சேலை. வாத்தியார் போனை வாங்கி மில்காரரின் மனைவியிடம் நீட்டினார். அந்த அக்கா பார்த்துவிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்தா. அவ்வளவுதான். பின்னேரமே கேமரா மில் கதவுக்குத் திரும்பிவிட்டது.

சோளகக் காற்றில் கிணற்றுக்குள் விழுந்த உமித் தூசி வேறு கதை. அதற்கு பி.எச்.ஐ. எனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கொடுங்கள், அயலட்டையும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் நல்லது. பொதுத் தொல்லை என்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் நீதவானே அகற்றச் சொல்லலாம்.

மத்தியஸ்த சபையில் எல்லைக் கதை வந்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் காணி பெர்மிட் 2009இல் இடம்பெயர்ந்தபோது பையோடு போய்விட்டது. பிரதி எடுக்கக் கந்தோருக்கு ஆறு தரம் அலைந்தேன். ஆறாம் தரமும் "பைலைக் காணேல்லை, அடுத்த கிழமை வாங்கோ". கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் உங்கள் பெர்மிட்டை இன்றைக்கே போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் யாருக்காவது அனுப்பி வையுங்கள்.