மூட்டு வலிக்கு எலும்பு டாக்டர் போதாதா, ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, வாத நோய் நிபுணர்) எதற்கு?

அம்மாவுக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வந்தபோது நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன்.

முதலில் விரல் கணுக்களில் வீக்கம். வளையல் ஏறவில்லை, துணி பிழிய முடியவில்லை. வயசாகிவிட்டது, கால்சியம் குறைவு என்று ஒன்றரை வருடம் வலி மாத்திரையிலேயே ஓடிவிட்டது. அப்புறம்தான் ருமட்டாலஜிஸ்டிடம் போனோம்.

எக்ஸ்ரே கவரைப் பிரிப்பதற்கு முன்பே அவர் கேட்டது: “காலையில எழுந்ததும் விரல் நல்லா மடங்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா?”

“வாசல் தெளிச்சு, பால் காய்ச்சி, காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஆகுது சார்.”

அந்தப் பதிலிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. மூட்டுத் தேய்மானம் என்றால் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்யத்தான் வலி கூடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும், கை அசைய அசையக் குறையும். பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, எதில் வலி, எதில் வீக்கம் என்று எண்ணி எழுதினார். மருந்து கேட்கிறதா என்று பார்க்க இன்றும் இந்தக் கணக்கு உண்டு.

ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சிசிபி என்று இந்த நோய்க்கான இரண்டு சோதனைகள் பார்த்தார்கள். (ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ் என்றதுமே பயந்துவிடாதீர்கள். நோய் இல்லாதவர்களுக்கும் வரும். நோய் உள்ள சிலருக்கு வராது.)

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய் இது. அதை அடக்கத்தான் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சீட்டில் கிழமையைச் சிவப்பு மையில் எழுதினார். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும் என்பதால், அதுவரை தாக்குப்பிடிக்கக் கொஞ்சம் ஸ்டீராய்டு. பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடம்பின் பல உறுப்புகளையும் தாக்கும் நோய்), கவுட் (யூரிக் ஆசிட் படிந்து வரும் மூட்டு வலி), சிக்குன்குனியாவுக்குப் பிறகும் விடாத மூட்டு வலி எல்லாமே இவர்கள் பார்ப்பதுதான். எலும்பு முறிவு, மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் எலும்பு டாக்டர். செலவு கவலை என்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது.

அம்மாவின் மாத்திரை நாள் ஞாயிறு. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். குக்கர் மூடியை இப்போது அவரே திறக்கிறார். அந்த ஒன்றரை வருடத்தில் வளைந்துபோன சுண்டுவிரல் மட்டும் நிமிரவில்லை.